கையால் பூட்டும் யந்திர வீரன்

ஜப்பான் தேசத்தின் பெரிய தீவில், பசிபிக் கடலை ஒட்டி அமைந்திருக்கும் ஷிசுவோகா நகரம் நெடுங்காலமாகத் தேயிலைக்குப் பெயர் போனது. பிளாஸ்டிக் மாதிரிகளின் தலைநகரம் என்ற கீர்த்தி அதற்கு நம் காலத்தில் வந்து சேர்ந்தது. 17-ஆம் நூற்றாண்டில் அங்கே கோட்டையும் ஸெங்கென் ஆலயமும் எழும்பிய சமயம் பல பிரதேசங்களிலிருந்தும் வரவழைக்கப்பட்ட தச்சர்களும், மரச் சிற்பிகளும், அரக்குப் பூசும் கலைஞர்களும் வேலை முடிந்த பின்னும் சொந்த ஊர் திரும்பாமல் அங்கேயே குடியேறிவிட்டார்கள் என்றும், அவர்கள் விட்டுச் சென்ற கைத்திறனே பிற்காலத்தில் மரச்சாமான்களாகவும் பொம்மைகளாகவும் சிறுவர்கள் பூட்டி விளையாடும் மர மாதிரிகளாகவும் உருமாறியது என்றும் அவ்வூர் மக்கள் பெருமையோடு சொல்லுவார்கள். 1946-இல் மர வியாபாரத்தில் இறங்கிய டாமியா ஸ்தாபனம் 1960-இல் யமாட்டோ என்னும் போர்க்கப்பலின் மாதிரியைப் பிளாஸ்டிக்கில் வார்த்து வெளியிட்டதும், 1969-இல் பண்டாய் ஸ்தாபனம் இமாய் என்ற கம்பெனியின் தொழிற்சாலையை விலைக்கு வாங்கிக்கொண்டு அப்பிரதேசத்தில் பிரவேசித்ததும் இந்த மாறுதலின் முக்கியமான கட்டங்கள். இன்று அந்நகரத்தில், 2006-இல் திறக்கப்பட்ட பண்டாயின் தொழிற்சாலையில், உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் செலுத்தும் யந்திரங்கள், ஒரே சட்டத்தில் நான்கு நிறங்களைத் தனித்தனியாக வார்க்கும் திறமையுடன், மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் அதில் சில பங்குக்கு மேல் பிழை நேராதபடி உதிரிப் பாகங்களை ஈன்றுகொண்டிருக்கின்றன. இவ்வளவு துல்லியமாகத் தயாராகும் பொருள் வாங்குகிறவன் வீட்டுக்கு ஏன் முழு உருவமாக வராமல் துண்டுதுண்டாக வருகிறது, அதைப் பூட்டப் புகும் புதியவன் எதற்காகச் சிரமப்படுகிறான், அந்தச் சிரமத்துக்கு ஈடாக அவனுக்குக் கிடைப்பது என்ன என்பவற்றைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

கன்பிளா என்று ஜப்பானியர் சுருக்கி வழங்கும் இந்த மாதிரிகளுக்கு மூலமாக இருந்தது 'மொபைல் சூட் கன்டம்' என்ற தொலைக்காட்சிச் சித்திரத் தொடர். 1979 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆரம்பமான அத்தொடரை இயக்கியவர் யொஷியுகி டொமினோ. அதில் வரும் ராட்சஸ யந்திரங்களின் வடிவத்தை வரைந்தவர் குனியோ ஒகவாரா. அதற்கு முந்திய கதைகளில் உலவிய யந்திர வீரர்கள் பெரும்பாலும் உலகத்துக்கு ஒருவராக, அற்புத சக்தி வாய்ந்தவர்களாக இருந்தார்கள். டொமினோவோ விண்வெளியில் குடியேறிய மக்களுக்கும் பூமியின் அரசாங்கத்துக்கும் நேர்ந்த யுத்தத்தைச் சொல்லப் புகுந்து, அந்த யந்திரங்களைத் தொழிற்சாலையில் வரிசை எண்ணுடன் உற்பத்தியாகிப் போர்க்களத்தில் அடிபட்டுப் பணிமனைக்குத் திரும்பிப் பழுது பார்க்கப்பட்டு, ரவை தீர்ந்தால் செய்வதறியாமல் நிற்கும் சாதாரணத் தளவாடங்களாகவே சித்தரித்தார். 15 வயதுச் சிறுவன் அமுரோ ஓட்டும் வெள்ளை யந்திரத்துக்கு ஆர்எக்ஸ்-78-2 என்று பெயர். எதிரிகளின் பச்சை நிற, ஒற்றைக்கண் ஸாக்குவுக்கு எம்எஸ்-06 என்று பெயர். இப்படி எண்ணும் அளவும் பணிமனையும் உள்ள ஒரு பொருளைத்தான் மனிதன் தன் மேஜையில் மறுபடி கட்டிப் பார்க்க ஆசைப்படுவான் என்பது என் அபிப்பிராயம்; அற்புதத்தைக் கண்டு வியக்கிறவனுக்கு அதைக் கழற்றிப் பூட்டத் தோன்றுவதில்லை.

52 வாரங்களுக்கென்று திட்டமிடப்பட்ட அத்தொடர் போதிய ஆதரவின்றி 43-ஆம் பகுதியோடு 1980 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. மறு ஒளிபரப்புகளிலும், 1981-லும் 82-லும் அதையே மூன்று திரைப்படங்களாகச் சுருக்கி வெளியிட்டபோதும்தான் ஜனங்கள் அதைக் கொண்டாடத் தொடங்கினார்கள். இடையில், 1980 ஜூலையில், 300 யென் விலையில் பண்டாய் வெளியிட்ட முதல் கன்டம் மாதிரி கடைக்கு வந்தது. கதையில் 18 மீட்டர் உயரமுள்ள யந்திரத்தை 144-இல் ஒரு பங்காகச் சுருக்கியதால் அதன் உயரம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அநேகமாக முழுவதும் வெள்ளைப் பிளாஸ்டிக். பாகங்களைப் பசையிட்டுத்தான் ஒட்டவேண்டும், நிறங்களைத் தூரிகை கொண்டுதான் தீட்டவேண்டும். அந்தச் சிறு பெட்டிக்காகக் கடை வாசல்களில் சிறுவர்கள் விடியற்காலையிலேயே வந்து நின்றார்கள். 1982 ஜனவரியில் சிபா மாகாணத்துக் கடையொன்றில் நகரும் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் பலர் காயமடையும் அளவுக்கு அந்த ஆவல் முற்றிப் போயிற்று. அன்று முதல் இன்று வரை 50 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வெளிவந்திருக்கின்றன. பசை வேண்டாத, முளையைத் துளையில் அழுத்தினாலே பிடித்துக்கொள்ளும் அமைப்பு 1980-களின் பிற்பகுதியில் நிலைபெற்றது. 1990-இல் ஹை கிரேட், 1995-இல் நூற்றில் ஒரு பங்கு அளவுள்ள மாஸ்டர் கிரேட், 1998-இல் அறுபதில் ஒரு பங்கு அளவில் முப்பது சென்டிமீட்டர் உயரமுள்ள பெர்ஃபெக்ட் கிரேட், 2010-இல் சிறிய உருவத்துக்குள்ளேயே பெரிய மாதிரியின் நுணுக்கங்களை அடக்கிய ரியல் கிரேட் என்று வரிசைகள் பெருகின. முதன்முதலாக இத்துறையில் இறங்குகிறவர்களுக்கு ஹை கிரேட் வரிசையே தக்கது என்பது அனுபவசாலிகள் பலருடைய ஏகோபித்த கருத்து.

அந்தப் பெட்டியைத் திறக்கிறவனுக்கு முதலில் ஏற்படுவது பெரும்பாலும் ஏமாற்றம்தான். மூடியின்மேல் ஒளிவாளை உயர்த்திக்கொண்டு பாயும் வீரன் வரையப்பட்டிருக்கிறான். உள்ளே இருப்பவையோ, பிளாஸ்டிக் உறைகளில் அடைத்த சில தட்டையான சட்டங்களும், ஒரு சிறு ஸ்டிக்கர் தாளும், படங்களாலேயே பேசும் ஒரு செய்முறைப் புத்தகமும்தான். ரன்னர் என்று சொல்லப்படும் அச்சட்டங்களின் உட்புறத்தில், கொடியில் காய்கள் தொங்குவதுபோல, தோளும் முழங்காலும் விரலும் கேடயமுமாக நூற்றுக்கு மேற்பட்ட பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு ரன்னருக்கும் ஓர் ஆங்கில எழுத்து, அதிலுள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண். அந்த எண்ணோ பிளாஸ்டிக்கின் அதே நிறத்தில் புடைப்பாக வார்க்கப்பட்டிருப்பதால், விளக்கின் அடியில் சாய்த்துப் பிடித்தாலன்றிக் கண்ணுக்குத் தென்படாது. முதல் அரைமணி நேரம் தேடுவதிலேயே கழிந்துவிடுகிறது. இந்தத் தேடல் வீண் காலக்ஷேபம் என்று நினைத்து அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் ரன்னர்களை எழுத்து வரிசைப்படி ஒரு தட்டிலோ தாங்கியிலோ நிமிர்த்தி வைத்துக்கொள்ளும் சிறு பழக்கத்தினால் அதில் பெரும் பங்கு குறைந்துவிடும்.

ரன்னருக்கும் பாகத்துக்கும் நடுவே, அரிசிமணிக்கும் சிறியதாக, ஒரு பிளாஸ்டிக் பாலம் இருக்கிறது. வார்ப்பின்போது உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாய்ந்து சென்ற வாசல் அது. ஆகையால் அதை கேட் என்கிறார்கள். புதியவனுடைய துன்பங்களில் பாதி இந்த வாசலில்தான் ஆரம்பமாகிறது. வீட்டில் இருக்கும் நகவெட்டியையோ, மின்கம்பி அறுக்கும் கட்டிங் பிளேயரையோ எடுத்து, பாகத்தை ஒட்டினாற்போல் ஒரே அழுத்தில் நறுக்கிவிடுவதே எவருக்கும் இயல்பாகத் தோன்றும் வழி. அப்படி நறுக்கியவுடன் பாகத்தின் விளிம்பில் ஒரு சிறு குழி விழுந்திருப்பதையோ, அவ்விடம் வெளுத்துப் போயிருப்பதையோ காண்கிறான். இதற்குக் காரணம் எளிது. வெட்டும் கருவியின் வாய் ஆப்பு வடிவமானது. அது பிளாஸ்டிக்கினுள் இறங்கும்போது இரு பக்கமும் விலக்கித் தள்ளிக்கொண்டே இறங்குகிறது. ஒரு பக்கத்தில் கனமான ரன்னர் அசையாமல் நிற்பதால், தள்ளும் வேகம் முழுவதும் மறுபக்கத்திலுள்ள மெல்லிய பாகத்தின் மேலேயே சாய்கிறது. அது தாங்கமாட்டாமல் பிய்ந்து விடுகிறது.

ஆகவே இருமுறை வெட்டுவது என்ற வழக்கம் ஏற்பட்டது. முதலில் பாகத்திலிருந்து விலகி, ரன்னருக்குச் சமீபமாக வெட்டிப் பாகத்தை விடுவிக்க வேண்டும். இப்பொழுது பாகத்தில் ஒரு சிறு முளை மட்டும் எஞ்சி நிற்கும். அதன் மறுமுனை எதிலும் பிணைக்கப்படாமல் சுதந்திரமாக இருப்பதால், நிப்பர் என்னும் வெட்டுக்கருவியின் தட்டையான பக்கத்தைப் பாகத்தின் பக்கமாக வைத்து மெதுவாக இரண்டாம் முறை அழுத்தும்போது விலகவேண்டிய பிளாஸ்டிக் வெளிப்புறமாக விலகிவிடும். பாகத்துக்கு நோவு இல்லை. மிகவும் ஜாக்கிரதையானவர்கள் இரண்டாம் வெட்டிலும் ஒரு துளி மிச்சம் வைத்து, அதைக் கூரிய கத்தியால் சீவி, 400-ஆம் எண் உப்புத்தாளில் ஆரம்பித்து 600, 800, 1000 என்று மென்மையை நோக்கிப் படிப்படியாக ஏறித் தேய்ப்பார்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் முரட்டுத் தாளின் கீறல்கள் மறையாமல் நின்றுவிடும். நூறு பாகங்களுக்கு, பாகத்துக்கு இரண்டு மூன்று வாசல்கள் வீதம், இந்தக் காரியத்தைச் செய்யவேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், புதியவன் ஏன் முதல் நாள் மாலையிலேயே பெட்டியை மூடி வைத்துவிடுகிறான் என்பது விளங்கும்.

வெளுத்துப் போன இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாலிஸ்டைரீன் என்னும் அந்தப் பிளாஸ்டிக் வளைந்து இழுபடும்போது அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் உண்டாகின்றன. ஒளி அவற்றில் பட்டுச் சிதறுவதால் அவ்விடம் வெண்மையாகத் தோன்றுகிறது. வெள்ளைக் கவசத்தில் அது தெரியாது. கருநீல மார்பிலும் சிவந்த பாதத்திலும் பளிச்சென்று தெரியும். நகத்தின் முதுகினால் அழுத்தித் தேய்த்தால் பெரும்பாலும் மங்கிவிடும் என்பதைப் புத்தகங்கள் சொல்வதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள்.

செய்முறைப் புத்தகம் மிக்க புத்திசாலித்தனமாக வரையப்பட்டது; ஜப்பானிய பாஷை ஓர் எழுத்தும் அறியாதவர்கள் உலகெங்கும் அதைப் பார்த்தே பூட்டுகிறார்கள். எனினும் அதில் ஒவ்வொரு கோட்டுக்கும் அர்த்தம் உண்டு என்பது பழகிய பிறகே தெரியவரும். வலக்காலுக்கும் இடக்காலுக்கும் உரிய பாகங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் ஒரு சிறு வெட்டு முன்னோக்கி இருக்கும், மற்றதில் பின்னோக்கி இருக்கும். அதைக் கவனியாமல் அழுத்திவிட்டால், பசையில்லாமலே இறுகப் பிடிக்கும்படி வகுக்கப்பட்ட முளையும் துளையும் தம் வேலையைப் பூரணமாகச் செய்துவிடும். பிரிப்பதற்கென்றே விற்கும் மெல்லிய தகட்டு வாய்க் கருவியை விளிம்பில் நுழைத்துப் பக்குவமாக நெம்பினாலன்றி அவை பிரியமாட்டா. பல படிகள் கடந்து முழங்காலை மடக்கிப் பார்க்கும்போதுதான் பிழை வெளிப்படுகிறது என்பது இதிலுள்ள பெரிய வேதனை. பழகியவர்கள் ஒரு பாகத்தை முதலில் லேசாகப் பொருத்தி, படத்தோடு இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முழுவதும் அழுத்துகிறார்கள். சிலர் பின்னால் கழற்றச் சௌகரியமாக இருக்கட்டும் என்று முளையின் நுனியைச் சாய்வாகச் சிறிது வெட்டிவிடுவதும் உண்டு.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், எல்லாவற்றிலும் மனத்தை நோகச் செய்வது வேறொன்று. உருவம் பூர்த்தியாகிவிடுகிறது, அழகாக நிற்கிறது. கவசங்களின் மேலுள்ள நுண்ணிய பள்ளக் கோடுகளில் கறுப்பு அல்லது சாம்பல் நிற மையை ஓடவிட்டால் தகடுகள் தனித்தனியாக எடுத்துக்காட்டும் என்று கேள்விப்பட்ட புதியவன், தின்னர் கலந்த எனாமல் மையைத் தூரிகை நுனியால் தொட்டு வைக்கிறான். மை தானாகவே கோட்டின் வழியே ஓடுகிறது. பார்க்க அற்புதமாக இருக்கிறது. வழிந்த மையைத் தின்னர் தோய்ந்த பஞ்சினால் துடைக்கிறான். மறுநாள் காலையில் இடுப்பிலோ கணுக்காலிலோ மெல்லிய கீறல் ஒன்று ஓடியிருக்கிறது. தொட்டவுடன் மூட்டு இரண்டாகப் பிளந்து கால் கழன்று விழுகிறது. யாரும் அதைக் கீழே போடவில்லை, யாரும் வளைக்கவும் இல்லை.

மூட்டுகள் உறுதியாக இருக்கவேண்டும் என்பதற்காகப் பல மாதிரிகளில் அவற்றை ஏபிஎஸ் என்னும் வேறொரு பிளாஸ்டிக்கில் வார்ப்பது வழக்கம். முளை துளைக்குள் இறுகி நிற்கும்போது அந்தப் பிளாஸ்டிக் எந்நேரமும் உள்ளுக்குள்ளே ஓர் இழுவிசையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தின்னரைப் போன்ற திராவகம் அவ்விடத்தில் ஊறிச் சென்றால், சங்கிலிபோல் பின்னிக் கிடக்கும் அதன் மூலக்கூறுகளின் பிடிப்பு தளர்ந்து, இழுவிசை தன் வேலையைக் காட்டிவிடுகிறது. சுமையின்றித் தனியே கிடக்கும் பாகத்தின்மேல் அதே தின்னர் பட்டால் அநேகமாக ஒரு தீங்கும் நேராமல் உலர்ந்துவிடும். ஆகையால் கோடு தீட்டுகிறவர்கள் பூட்டுவதற்கு முன்பே வெளிக்கவசங்களைத் தனியாக வைத்துத் தீட்டவேண்டும். அல்லது தின்னர் வேண்டாத மெல்லிய முனைப் பேனாவைக் கொண்டு வரைந்து, வழிந்ததை அழிப்பானால் துடைத்துவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே அறிந்திருந்தால் எத்தனையோ பேர் இக்கலையைப் பாதியில் கைவிட்டிருக்கமாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனாலேயே இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

கடைசியில் பூசும் மங்கல் பூச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக்கின் பளபளப்பை அடக்கி, உப்புத்தாள் பட்ட இடங்களையும் படாத இடங்களையும் ஒரே தன்மையாக்கிவிடும் அந்த ஸ்பிரேயை மழைநாளில் அடித்தால், காற்றிலுள்ள ஈரம் பூச்சில் படிந்து உருவம் முழுவதும் வெண்பனி மூடியதாகிவிடும். ஜப்பானியர்களே ஜூன், ஜூலை மாதத்து மழைக்காலத்தில் ஸ்பிரே டப்பாவைத் தொடத் தயங்குகிறார்கள். கடலோர ஊர்களில் வாழ்வோர் உலர்ந்த பகற்பொழுதுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இத்தனை இடர்ப்பாடுகளையும் தயாரிப்பாளர்களே நீக்கிவிடக்கூடாதா என்று கேட்கலாம். அவர்களால் முடியாது என்பதில்லை. 2020-இல் வெளிவந்த என்ட்ரி கிரேட் கன்டம், 700 யென் விலையில், நிப்பரும் பசையும் ஸ்டிக்கரும்கூட வேண்டாமல், விரலால் திருகினாலே பாகங்கள் ரன்னரிலிருந்து கழன்று வரும்படி வார்க்கப்பட்டிருக்கிறது. கண்ணின் மஞ்சள் நிறம்கூடப் பாகத்தின் நிறமாகவே அமைந்திருக்கிறது. பள்ளிச் சிறுவனும் ஒரு மாலைப்பொழுதில் அதை முடித்து எழுந்துவிடலாம். அது மிகச் சிறந்த மாதிரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைப் பூட்டி முடித்தவர்களில் அநேகர் அடுத்தபடியாகத் தேடிப் போவது இன்னும் எளிதான ஒன்றை அன்று; நிப்பர் வேண்டிய, உப்புத்தாள் வேண்டிய, இரண்டு வார மாலைகளை விழுங்கக்கூடிய பெட்டியைத்தான் அவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். அச்சு செய்து முடித்த வேலைக்கும் முழு உருவத்துக்கும் இடையே கொஞ்சம் தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கையினால் கடப்பதற்காகவே மனிதன் இதை விலை கொடுத்து வாங்குகிறான். பட்ட சிரமமும் பெற்ற ஆனந்தமும் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

அந்த ஆனந்தம் எப்படிப்பட்டது என்பதை மாஸ்டர் கிரேட் ஒன்றின் காலைப் பூட்டிப் பார்க்கிறவர்கள் நன்றாக உணர்வார்கள். முதலில் சாம்பல் நிறத்தில் உள்ளெலும்பு உருவாகிறது: தொடை, முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால். கவசம் ஏதுமின்றி அதை மடக்கிப் பார்க்கும்போது, முழங்காலின் இரண்டு மூட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மடங்க, அவற்றோடு பிணைந்த ஒரு சிறு தண்டு கெண்டைக்காலுக்குள் இழுபட்டுச் செல்வதைக் காணலாம். கவசம் அணிந்த பிறகு அந்தத் தண்டின் பெரும் பகுதி வெளியில் தெரியவே தெரியாது. தெரியப்போகாத ஓர் உறுப்புக்கு ஒருவர் இவ்வளவு சிந்தித்து வடிவம் கொடுத்திருக்கிறாரே என்ற வியப்பு, அதைத் தன் விரல்களாலேயே பொருத்தியவனுக்கு மாத்திரம் கிட்டும் பேறு. ஒரு காலை முடித்தபின் மற்றொரு காலுக்காக அதே படிகளை மறுபடி செய்யும்போது அலுப்புத் தட்டும் என்று பலர் குறை கூறுவதுண்டு. உண்மையில், முதற்காலில் தேடித் தடுமாறிய விரல்கள் இரண்டாம் காலில் எண்ணைப் பாராமலே பாகத்தை இனம் கண்டுகொள்கின்றன. வெட்டு சுத்தமாக விழுகிறது. பாதி நேரத்தில் வேலை முடிகிறது. தான் கற்றுக்கொண்டிருப்பது ஒருவனுக்குத் தன் கண்ணெதிரிலேயே இவ்வளவு தெளிவாகப் புலப்படும் சந்தர்ப்பங்கள் வாழ்க்கையில் அதிகம் வாய்ப்பதில்லை.

பிறகு மார்பும் இடுப்பும் சேர்கின்றன. கைகள் தோளில் ஏறுகின்றன. இரண்டு கால்களும் இடுப்பில் பொருந்தி உருவம் முதன்முறையாகத் தன் பாதங்களிலேயே நிற்கிறது. பாதத்தின் சாய்வைச் சற்றுத் திருத்தி, ஒரு முழங்காலை முன்னே மடக்கி, தோளை எதிர்ப்பக்கம் திருப்பியதும், அதுவரை சாமானாக இருந்தது தோரணை உள்ள ஒரு வீரனாகிவிடுகிறது. மனித உடலின் எடை ஒரு காலில் சாயும்போது இடுப்பும் தோளும் எவ்வாறு எதிர்த்துச் சாய்கின்றன என்று சிற்பிகள் அறிந்து வைத்திருப்பதை, சிற்பக்கலையில் பரிச்சயமே இல்லாத ஒருவன், பொம்மை விழாமல் நிற்கவேண்டுமே என்ற கவலையினால் தானாகவே கண்டுகொள்கிறான்.

ஒரே அச்சிலிருந்து பல்லாயிரக்கணக்கில் வந்தவை என்றாலும், இருவர் பூட்டிய இரண்டு ஸாக்குக்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அவை ஒன்றாக இருப்பதில்லை. ஒருவர் பச்சை நிறத்தை அப்படியே விட்டிருப்பார். மற்றொருவர் கணுக்காலில் சேறும், விளிம்புகளில் சாயம் உதிர்ந்த இரும்பின் நிறமும் தீட்டி, நெடுங்காலம் பாலைவனத்தில் போரிட்ட யந்திரமாக்கியிருப்பார். கதையே இதற்கு இடம் கொடுக்கிறது. உற்பத்தியாகும் தளவாடம் என்றால் வகைகளும் பழுதுகளும் இருக்கத்தானே வேண்டும்? 1983-இல் தொலைக்காட்சியில் தோன்றவே தோன்றாத மாற்று வகைகளைக்கூட எம்எஸ்வி என்ற தனி வரிசையாகப் பண்டாய் வெளியிட்டபோது, பூட்டுகிறவர்களின் கற்பனைக்குத் தயாரிப்பாளரே அங்கீகாரம் அளித்ததாயிற்று. அந்த ஆரம்ப காலத்தில் 'ஸ்ட்ரீம் பேஸ்' என்ற இளைஞர் குழுவில் இருந்து மாதிரிகள் செய்து பத்திரிகைகளில் வெளியிட்டு வந்த கட்சுமி கவாகுச்சி, பிற்காலத்தில் பண்டாயிலேயே உத்தியோகத்தில் அமர்ந்து, இத்துறையின் ஆசானாகப் போற்றப்படுகிறார். 2011 முதல் பல நாடுகளின் கலைஞர்கள் கலந்துகொள்ளும் உலகப் போட்டியும் நடைபெறுகிறது. அதற்கு வரும் சிற்பங்களைப் பார்த்துப் புதியவன் மனம் தளர வேண்டிய அவசியமில்லை. அவற்றிலும் பெரும்பாலான பாகங்கள் ஏதோ ஒரு ரன்னரின் வாசலிலிருந்து வெட்டிப் பிரிக்கப்பட்டவைதான்.

புதியவர்களுக்குக் கருவிகள் குறைவாகவே போதும். பிளாஸ்டிக்குக்கென்று செய்த நிப்பர் ஒன்று, கூரிய சிறு கத்தி ஒன்று, நான்கு எண்களில் உப்புத்தாள், ஸ்டிக்கருக்கு ஒரு நுனி மெலிந்த இடுக்கி. இவற்றில் செலவைச் சுருக்கலாம், ஆனால் நிப்பரில் சுருக்கக்கூடாது. பெரிய பெட்டிகளைக் கண்டு மயங்கி, பெர்ஃபெக்ட் கிரேடோடு ஆரம்பிப்பது பண நஷ்டத்துக்கும் மனச் சோர்வுக்கும் வழி. ரியல் கிரேட் உருவத்தில் சிறியதாயினும் அதன் பாகங்கள் மிக நுண்ணியவை; கண்ணும் விரலும் பழகிய பின்பே அதனிடம் போகவேண்டும். முடித்த உருவத்தை ஜன்னலோரத்து வெயிலில் வைத்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் நாளடைவில் மஞ்சளாகிவிடும். மிஞ்சிய ரன்னர்களை எறிந்துவிடாமல் சேர்த்துவைக்கும் வழக்கம் ஜப்பானில் பரவியிருக்கிறது. 2021 முதல் அவற்றைப் பெட்டிகள் வைத்துச் சேகரித்து, அரைத்து, மறுபடி மாதிரிகளாக வார்க்கும் ஏற்பாடு ஒன்று அங்கே நடந்துவருகிறது.

கன்டத்தின் தலையில், நெற்றிக்கு மேலே, மஞ்சள் நிறத்தில் இரு பக்கமும் விரிந்து நிற்கும் கொம்பு ஒன்று உண்டு. அந்த உருவத்துக்கே அதுதான் லக்ஷணம். படத்தில் ஊசிபோல் கூர்ந்திருக்கும் அதன் முனைகள், பெட்டியிலிருந்து எடுக்கும்போது பல மாதிரிகளில் தடித்து மழுங்கியிருக்கும். முனையின் அடியில் ஒரு சிறு தகடு வேண்டுமென்றே சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். குழந்தைகளின் கண்ணில் குத்திவிடக்கூடாது என்பதற்காகச் செய்த பாதுகாப்பு அது. அனுபவம் பெற்றவர்கள் எல்லா வேலையும் முடிந்த பிறகு, அந்தத் தகட்டை நிப்பரால் விலகி வெட்டி, கத்தியால் சிறிது சிறிதாகச் சீவி, பின்பு மிக மென்மையான உப்புத்தாளில் முனையை நோக்கி ஒரே திசையாகத் தேய்த்துக் கூராக்குகிறார்கள். அவசரப்பட்டால் முனை ஒடிந்துவிடும். மாற்றுப் பாகம் பெட்டியில் அநேகமாகக் கிடையாது. நிதானமாகச் செய்தால் முகத்தின் தோற்றமே மாறி, படத்திலுள்ள கம்பீரம் உருவத்துக்கு வந்துவிடுகிறது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் மட்டும், அதை மழுங்கலாகவே விட்டுவைப்பது நல்லது.